அத்தையின் தூக்கம்

படுக்கை வசதிப் பேருந்தில் ஒருவருக்கு முப்பது அங்குல அகலம் கொடுத்தால் போதும். அதற்குக் குறைந்தால் புரளும்போது முழங்கை கம்பியில் இடிக்கும். கூடினால் முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார். கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் பத்து வருடமாகப் படுக்கைகளை வரைந்து வரைந்து நிதிலனுக்கு இது மனப்பாடம். அவன் வீட்டுக் கட்டில் அறுபது அங்குலம். தினமும் காலையில் அவன் கண் விழிப்பது சுவரோடு ஒட்டி, பதினெட்டு அங்குலத்துக்குள்.

மிச்ச இடம் பிரகல்யாவுடையது. அவள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நான்கு நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

இருந்தவரை அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடியலுக்கு முன்னால், மூன்று ஐம்பது வாக்கில் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள். அதற்குள் அவன் அரைத் தூக்கத்தில் சுவர்ப் பக்கமாக நகர்ந்திருப்பான். திரும்பி வருபவள் தன் இடத்தில் படுக்க மாட்டாள். அவன் படுத்திருந்த இடத்தில் வந்து சுருண்டுகொள்வாள். "சூடா இருக்குங்க" என்பாள்.

"மே மாசத்துல எவளாவது சூட்டத் தேடுவாளா?"

"உங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் படுத்துப் பாருங்க, தெரியும்."

அவன் படுத்துப் பார்த்ததில்லை. ஆனால் அவள் போன பிறகும் அவன் உடம்பு அந்த நேரத்துக்கு நகர்ந்து இடம் விட்டது. மனது விழிப்பதற்குள் உடம்பு நகர்ந்துவிடும். நகர்ந்ததற்கும் முழுதாக விழிப்பதற்கும் நடுவே ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடம் அவள் சாகவில்லை. தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள்.

ஒரு நாளில் அவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நிமிடம்தான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மாமியார் கோகிலாமணிக்குப் பக்கவாதம் வந்தது மாசியில். போர்வை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. மேசையில் ஓடும் துணிமீது வலது உள்ளங்கையை வைத்திருப்பார். ஓர் இழை விட்டிருந்தாலும் கை நின்றுவிடும். அன்று துணி ஓடிக்கொண்டிருந்தது, கை நின்றுவிட்டது. துணியில் குறை இல்லை.

நிதிலன் கல்யாணத்துக்கு அவர் பதினோரு போர்வைகள் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குறை. "நல்லது பூராங் கப்பலேறிப் போயிருங்க மாப்ள, கொறைதான் நம்மூருக்கு" என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னார். பிரகல்யா இருட்டில் கால் விரலாலேயே அந்தக் குறைகளைக் கண்டுபிடிப்பாள். நீலக்கோடு போட்ட போர்வையில் அந்தக் குறை எங்கே இருக்கிறது என்று நிதிலனுக்கு இன்றுவரை தெரியாது.

"அடைப்பு எடுத்தாச்சு. இனிமே வேலை மூளையோடது" என்றார் டாக்டர் நஸ்ரின். திருச்சிக்காரர். வேகமாகப் பேசிவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து நிறுத்துவார். "செத்த எடத்தச் சுத்திப் புதுப் பாதை போடணும். அந்தக் கூலியாளுங்க ஆழ்ந்த தூக்கத்துலதான் வேலைக்கு வருவாங்க."

"தூங்கறாங்களே டாக்டர். நான் எப்ப வந்தாலும் தூங்கிட்டுத்தான் இருக்காங்க."

"கண்ண மூடியிருக்காங்க. பகல்ல நாப்பது தடவை அசர்றாங்க, நாப்பது தடவை முழிக்கறாங்க. ராத்திரி பூரா விட்டத்தப் பாத்துட்டுக் கெடக்கறாங்க. கிழிஞ்ச தூக்கம்."

கூட வந்திருந்த தண்டபாணி மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிரகல்யாவின் சித்தப்பா, கொசுவலை வியாபாரி. அண்ணன் இறந்ததிலிருந்து அண்ணி வீட்டுக் காரியங்களில் முதல் ஆளாக நிற்பவர். "ஒரு மாத்திரையப் போட்டு விட்டீங்கன்னா அடிச்சுப் போட்டாப்ல தூங்கிருவாங்கல்லங்க?"

"தூங்குவாங்க. அடிச்சுப் போட்டவன் எந்திரிச்சுப் பாதை போடுவானா?"

மாமா பின்னால் நகர்ந்துகொண்டார்.

டாக்டர் மேசையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்துக் காட்டினார். குளிக்கும்போது பெண்கள் தலைக்கு மாட்டுவது போல மெல்லியதாக இருந்தது. "ஒவ்வொருத்தர் தூக்கத்துக்கும் ஒரு நடை இருக்கு. எப்ப ஆழம் போறது, எப்ப மேல வர்றது, எப்பப் பொரள்றது. அவங்க பழைய நடை கெடச்சா இது வழியா நடத்திக் காட்டலாம். மூளை அதப் பிடிச்சுக்கும். வேற ஆளோட நடைய ஒத்துக்காது. செஞ்சு பாத்துட்டோம்."

"அத்தை தூக்கத்த யாரு பதிவு பண்ணி வெச்சிருக்கா?"

"யாருமே வெச்சிருக்க மாட்டாங்க. ஆனா பக்கத்துல படுத்தவங்க மூளையில அது பதிஞ்சு கெடக்கும். இவங்க பொரண்டா அவங்க பொரளுவாங்க, இவங்க ஆழம் போனா அவங்களும் போவாங்க. வருஷக்கணக்கா. இவங்க பக்கத்துல யாரு படுத்தது?"

"என்ற அண்ணம் போயி இருவத்தேழு வருசமாச்சுங்க" என்றார் மாமா. "அப்பறம் புள்ளதான். கல்யாணமாகிப் போற வரைக்கும் அம்மாளும் மகளும் ஒரே பாயி."

"அந்தப் பொண்ணு..."

"இல்லீங்க."

டாக்டர் பேனாவை மூடினார். திறந்தார். "அந்தப் பொண்ணு யார் பக்கத்துல படுத்தாங்க?"

மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

"என் பக்கத்துல" என்றான் நிதிலன். "அஞ்சு வருஷம்."

"அஞ்சு வருஷம் போதும். அம்மாவோடது பொண்ணுகிட்ட, பொண்ணோடது உங்ககிட்ட. கலந்துதான் இருக்கும். ஆனா இருக்கும்."

"அண்ணி தூக்கம் மாப்ளகிட்டயா!" மாமாவுக்குத் தாங்கவில்லை. "வெளிய சொன்னாச் சிரிப்பாங்களுங்க டாக்டர்."

"சொல்லாதீங்க."

நிதிலன் கேட்டான்: "எடுத்தா என்னாகும்?"

டாக்டர் நேராகப் பார்த்தார். "சோப்பு மாதிரி. தேச்சாத்தான் நுரை வரும், தேச்சாத் தேயும். நாப்பது நாள்ல தீந்துரும். உங்க ஞாபகம் எதுவும் போகாது. அவங்க மொகம், குரல், போட்ட சண்டை எல்லாம் இருக்கும். தூக்கத்துக்குள்ள இருக்கறது மட்டும் போகும்."

"மட்டும்" என்றான் நிதிலன்.

"எதாவது இருக்கா?"

"இல்ல."

"யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப யோசிக்காதீங்க. மொத மூணு மாசத்துல வர்றதுதான் நல்லா வரும். ஒண்ணரை மாசம் போயிருச்சு."

அவன் மூன்று நாள் எடுத்துக்கொண்டான். மூன்று நாளும் பட்டறையில் ஒரே படுக்கையைத் திரும்பத் திரும்ப வரைந்தான். இன்னும் கொஞ்ச நாள் என்று மனம் கெஞ்சியது.

நான்காம் நாள் மதியம் அத்தையைப் பார்க்கப் போனான். அவன் வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறவர். அவன் நிற்கையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இப்போது படுத்தபடியே கிடக்க நேர்ந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. இடது கையால் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

"சாப்டீங்களா அத்தை?"

"ஆமாங்க."

"வலி இருக்குங்களா?"

"ஆமாங்க."

"இல்லீங்களா?"

"ஆமாங்க."

அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அது, வேண்டாமென்றாலும் அது. சிலருக்கு அப்படி ஒரே ஒரு சொல் கரையில் ஒதுங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலமெல்லாம் கம்பெனியில் சூப்பர்வைசருக்கும் சொந்தபந்தத்துக்கும் சொல்லித் தேய்ந்த சொல்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் இடது உள்ளங்கையை ஆஸ்பத்திரிப் போர்வைமீது ஓடவிட்டார். இரண்டு முறை ஓடவிட்டார். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கித் துணிமீது வைத்து, அதையும் இழுத்துப் பார்த்தார். அது யாருடைய கையோ போல வந்தது. ஜன்னல் கண்ணாடியில் நிதிலன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே இறங்கிப் போய் டாக்டரிடம் சரி என்றான்.

அத்தையிடமும் கேட்க வேண்டும் என்பது முறை. டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். யார் தூக்கம், யாரிடமிருந்து யாருக்குப் போனது, எடுத்தால் அங்கே என்ன ஆகும். கோகிலாமணி கண் இமைக்காமல் கேட்டார். கடைசியில் மருமகனைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அவனை அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சம்மதமாம்மா?"

"ஆமாங்க" என்றார். தலை இடமும் வலமும் அசைந்தது.

டாக்டர் நிறுத்தினார். "தலை வேண்டாம்னு சொல்லுதே."

"அது கூச்சமுங்க டாக்டர்" என்றார் மாமா. "மாப்ள நின்னா உக்கார மாட்டாங்க. மாப்ள சாப்ட்ட தட்டத்தக்கூட அவர் போனதுக்கப்புறந்தான் எடுப்பாங்க. அவர் தலையில இருக்கறத எடுத்து இவங்க தலையில வெக்கறதுன்னா எப்பிடிங்க சட்டுனு தலையாட்டுவாங்க?"

டாக்டர் நிதிலனைப் பார்த்தார். அவனுக்கும் அப்படித்தான் பட்டது. "கூச்சம்தான்" என்றான்.

வலது கட்டைவிரலை எடுத்து மையில் வைத்தார் நர்ஸ். மறுக்கும் நிலையில் அந்த விரல் இல்லை. இடது கை வந்து, சம்மதப் படிவம் வைத்த அட்டையைத் தள்ளப் பார்த்தது. அட்டை விழுந்துவிடப் போகிறது என்று நிதிலன் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு. அத்தை பகலில்தான் அசருகிறார். அந்த அசதியைப் பிடித்துத்தான் தூக்கத்தைத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு கட்டில், நடுவே ஒரு பச்சைத் திரை. திரை வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர் மாமா. இந்தப் பக்கம் நிதிலன் தொப்பி மாட்டிப் படுப்பான். அந்தப் பக்கம் அத்தை. ஓர் இரவின் நடையை இயந்திரம் மூன்று மணி நேரத்துக்குள் நடத்திவிடும். நீரில் மெல்ல இறக்கிவிட்டது போல இருக்கும், வேறொன்றும் தெரியாது.

முதல் வாரத்தில் கோகிலாமணி விழிக்காமல் ஐம்பது நிமிடம் தூங்கினார். இரண்டாம் வாரத்தில் இரண்டு மணி நேரம். பிறகு இரவிலும் தூங்க ஆரம்பித்தார். வலது கையின் சுண்டுவிரல் அசைந்தது. மாமா வார்டு முழுக்கப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். "சுண்டுவெரலு வந்துருச்சுன்னா மீதி நாலும் பின்னாலயே வந்துருமுங்க. கூட்டுக்குடும்பமாச்சே."

பதினாறாம் நாள் டாக்டர் ஒரு நீளக் காகிதத்தை விரித்தார். அலை அலையாகக் கோடு. ஓரிடத்தில் மேடு. "இது என்னன்னு கேக்கணும்னு இருந்தேன். தெனமும் ஒரே எடத்துல வருது. ரொம்பப் பழசு. உங்க மனைவிக்கும் முன்னாடி இது உங்க அத்தையோடது. விடியக்காலம் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி எந்திரிக்கிற பழக்கமா?"

"நாலரைக்குக் கம்பெனி பஸ்ஸுங்க" என்றார் மாமா. "மூணு அம்பதுக்கு டாண்ணு எந்திரிப்பாங்க. இருவது வருசம். நான் பக்கத்து வீடுதானுங்களே, லைட்டு எரியறது தெரியும். அண்ணி எந்திரிச்சதும் புள்ள உருண்டு போயி அம்மா படுத்த எடத்துல ஒட்டிக்கும். அந்தச் சூடு ஆறுற வரைக்கும் எழுப்ப முடியாது. எட்டுப் படிக்கறப்பவும் அப்பிடித்தான், காலேஜ் போறப்பவும் அப்பிடித்தான். நாங்கூடக் கேலி பண்ணுவனுங்க, மாமியா வீட்டுக்கு அம்மாளையும் கட்டித் தூக்கிட்டுப் போயிருன்னு."

நிதிலன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தனை நாள் அவளுக்குத் தாகம் என்று நினைத்திருந்தான். அவள் எழுந்தது தண்ணீருக்கு அல்ல. அம்மா எழுகிற நேரம் என்பதால். திரும்பி வந்து படுத்தது அவன் இடத்தில் அல்ல. அம்மா எழுந்துபோன இடத்தில். எதுவும் தெரியாமலே அவன் ஐந்து வருடம் தினமும் சரியான நேரத்துக்கு நகர்ந்து கொடுத்திருக்கிறான்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு நாள் பேசியிருக்க மாட்டாள். மூன்றாம் நாள் சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்திருப்பாள்.

"நிறுத்தணுமா?" என்றார் டாக்டர், அவன் முகத்தைப் பார்த்து.

"வேண்டாம். எத்தனை விரல் வந்திருக்கு?"

"மூணு."

இருபத்தைந்தாம் நாளுக்குப் பிறகு அந்த ஒரு நிமிடம் மங்கியது. உடம்பு நகர்ந்தது, ஆனால் எதற்கு நகர்கிறோம் என்பது அதற்குத் தெரியவில்லை. பிறகு பாதிதான் நகர்ந்தது. முப்பத்து மூன்றாம் நாள் அவன் கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. கட்டிலின் நடுவில், கையையும் காலையும் விரித்துப் போட்டுக் கிடந்தான். ஏழு மணி நேரம் ஒரே தூக்கம். அவன் பயன்படுத்திய அகலம் ஐம்பது அங்குலத்துக்குக் குறையாது.

பட்டறையில் எல்லாரும் முகம் தெளிவாக இருக்கிறது என்றார்கள். "இப்பத்தான் மனுசனாட்டம் இருக்கீங்க" என்றார் பெயின்டர். அவன் சிரித்து வைத்தான். அன்று இரவு பதினோரு போர்வைகளையும் எடுத்து வெளியே வைத்தான். மறுநாள் மறுபடி உள்ளே வைத்தான்.

நாற்பதாம் நாள் இரண்டு தொப்பிகளையும் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டினார்கள். இனி அத்தை தன் நடையிலேயே தூங்குவார் என்றார் டாக்டர். அத்தை தடி ஊன்றி நான்கடி நடந்தார். வலது கையால் டம்ளர் பிடித்தார். பேச்சு மட்டும் அந்த ஒரு சொல்லைத் தாண்டவில்லை.

அதற்கும் நான்கு நாள் கழித்து, மதியம், நிதிலன் இளநீர் வாங்கிக்கொண்டு போனான். மாமா ஜன்னலருகே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். திரை விலகியிருந்தது. அவன் ஊற்றிக் கொடுத்த டம்ளரை அத்தை வாங்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தார். வலது கையால். ஐந்து விரலாலும்.

"வே..." என்றார். உதடு கோணி, நேராகி, மறுபடி கோணியது. "வே... வேண்டாங்க."

மாமா செய்தித்தாளைக் கீழே போட்டார். "அடேங்கப்பா! எளநி வேண்டாமாமா! புது வார்த்தை வந்துருச்சுடோய்! டாக்டர், ஏனுங் டாக்டர்!" வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அத்தை கையை விடவில்லை. அவர் கண் இளநீரைப் பார்க்கவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய தொப்பிகளைப் பார்த்தது.

"வேண்டாங்க" என்றார் மறுபடியும். இந்த முறை தலையும் சேர்ந்து ஆடியது. இடமும் வலமும். அன்று ஆடியது போலவே. "புள்ள..."

நிதிலன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"புள்ள... இருக்கட்டுங்க."

அவன் நின்றுகொண்டிருந்தான். பொய் சொல்லலாம். அவரிடம் இனிமேல் பொய் எடுபடாது என்று தோன்றியது.

"இல்லீங்க அத்தை" என்றான். "இப்ப இல்ல. எல்லாம் எடுத்தாச்சு."

வாசலில் டாக்டர் நஸ்ரின் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மாமாவைக் கையால் தடுத்திருந்தார். "அன்னிக்கே சொல்லியிருக்காங்க" என்றார் மெதுவாக. "நான் தலையத்தான் நம்பியிருக்கணும்."

"கூச்சம்னு சொன்னது நான்" என்றான் நிதிலன்.

கோகிலாமணி கையை விட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக் காலைக் கீழே போட்டார். நிதிலன் முன்னால் வந்தான். டாக்டர் வேண்டாம் என்று சைகை காட்டினார். அத்தை எழுந்தார். தடியைத் தொடவில்லை. இரண்டு அடி வைத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகன் நிற்கிறான், அவர் உட்கார்ந்திருக்கிறார். முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவும் இல்லை.

பிறகு வலது உள்ளங்கையை நீட்டி, தான் படுத்திருந்த இடத்தில் வைத்தார். கை துணிமீது மெல்ல ஓடியது. ஓரிடத்தில் நின்றது. அங்கே ஓர் இழை விட்டிருக்க வேண்டும். மறுபடி ஓடி, நடுவில் வந்து, இரண்டு தட்டுத் தட்டியது.

"படுங்க" என்றார்.

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் பச்சைத் திரையை இழுத்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் மாமா என்னவோ கேட்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது கேட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டில் முப்பது அங்குலம்தான். நிதிலன் செருப்பைக் கழற்றினான். ஓரமாகப் போகவில்லை. அத்தை எழுந்துபோன இடத்தில், அவர் உடம்பு அழுத்தியிருந்த அதே பள்ளத்தில், முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்துப் பார்த்தான்.

மே மாதம். வெளியே வெயில் கொளுத்தியது. துணி இன்னும் சூடாக இருந்தது.

தெரிந்தது.